பள்ளத்து வீட்டுக்கு ஒரு போன்

செத்துக் கிடந்த ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஹென்னி வெல்ட்மன் லைலிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"சாரி லைல்," என்றாள். "நீ கூப்பிட்டிருப்ப. நான்தான் பட்டியில கெடந்துட்டேன். போன் அடிச்சது காதுல விழல."

மார்பு வரை இழுத்துக் கட்டிய ரப்பர் கால்சட்டை முழுக்கச் சேறு. கையில் ஒரு குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்தாள். அது பிறந்து செத்ததா, பிறக்கும் முன்பே செத்ததா என்று சொல்ல முடியவில்லை. லைல் டன்ஸ்மோர் அப்போதுதான் பிக்கப்பிலிருந்து இறங்கியிருந்தான். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்த வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

"பரவால்ல ஹென்னி," என்றான்.

பரவாயில்லையாம்! கூப்பிடாதவன், அழைப்பே வராதவளைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டான். இந்தப் பக்கத்து ஜனங்களின் பழக்கம் அப்படி. காலை மிதித்தவனும் சாரி சொல்வான், மிதிபட்டவனும் சாரி சொல்வான். யார் முந்திக்கொண்டாலும் எதிராளியின் வாயிலிருந்து "பரவாயில்லை" தானாக உதிர்ந்துவிடும். லைல் வாயிலிருந்தும் அப்படித்தான் உதிர்ந்தது. ஆனால் உதிர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு நேரம் இருந்தது. ஹென்னி அவன் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவன் ஆற்றைப் பார்த்தான். அவள் குட்டியைக் கொண்டுபோய் மற்றவற்றோடு போட்டாள்.

டீல் ஆறு கோடையில் முழங்கால் நனையாத ஆறு. கனடாவில் அதைவிடச் சோம்பேறி ஆறு கிடையாது என்று அதன் கரையில் இருப்பவர்களே கேலி செய்வார்கள். மார்ச் கடைசியில் மட்டும் அதற்குப் பேய் பிடிக்கும். வயல்களில் கிடக்கும் பனி உருகும், கூடவே மழை பெய்யும், ஆற்றை மூடியிருக்கும் ஐஸ் வெடித்துப் பாளம் பாளமாகப் புறப்படும். இரும்புப் பாலத்தைத் தாண்டி ஆறு முழங்கை மாதிரி மடங்குகிற இடத்தில் அந்தப் பாளங்கள் சிக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அணை கட்டி நிற்கும். பின்னால் வருகிற தண்ணீருக்குப் போக்கிடம் பள்ளத்து வயல்கள்தான்.

பள்ளத்தில் ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. டீல் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, இடித்து, அந்த இடத்தில் மரம் நட்டுவிட்டது. ஹென்னி மட்டும் விற்கவில்லை. "எங்கப்பா ஹாலந்துல கடலுக்குக் கீழ குடியிருந்த மனுஷன். இந்த ஓடைக்குப் பயந்து நான் மேட்டுக்கு ஓடினேன்னா, என்னைத் தன் பொண்ணுன்னே சொல்லிக்க மாட்டாரு," என்பாள். புருஷன் போன பிறகும் செம்மறிகளோடு அங்கேயே இருந்தாள்.

ஆக, ஆணையம் பள்ளத்துக்குச் செய்ய வேண்டிய வேலை என்று பாக்கி இருந்தது ஒரே ஒரு போன். ஐஸ் நகரத் தொடங்கியதும் வெள்ளப் பொறுப்பாளன் முதலில் ஹென்னியைக் கூப்பிடுவான். அறிக்கை எழுதுவது, ரேடியோவுக்குச் சொல்வது எல்லாம் அதற்கு அப்புறம். சட்டத்தில் இல்லாத வழக்கம் இது. லைலுக்கு முன்னால் இருந்தவர் ஆரம்பித்தது, லைல் இருபது வருடத்துக்கு மேலாக விடாமல் செய்தது. ஹென்னியும் அவனும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். அதனால் போனில் மரியாதை ஒன்றும் இருக்காது.

"ஏய் டச்சுக்காரி, ஓட்டு."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"நீ கேள்வி கேக்காம இருந்தா போதுமான நேரம் இருக்கு."

அவ்வளவுதான். அவள் ஆடுகளை மேட்டுப் பட்டிக்கு ஓட்டுவாள். அவன் கூப்பிடாவிட்டால் அசைய மாட்டாள். குட்டி போடுகிற மாதம் அது. சினை முற்றிய செம்மறிகளை, விழுந்ததும் உறைகிற மழையில், வழுக்கும் சரிவில் ஏற்றுவது சாமானியமில்லை. ஒன்று விழுந்து புரண்டால் வயிற்றில் இருப்பது போய்விடும். ஆற்றின் ஒவ்வொரு முனகலுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் வெள்ளம் இல்லாமலே பாதி குட்டிகள் போய்விடும். எந்த முனகல் உண்மையானது என்று சொல்வதற்குத்தான் லைல் இருந்தான்.

அப்புறம் மாகாண அரசு ஒரு நாள், சின்னச் சின்ன ஆற்று ஆணையங்களையெல்லாம் கலைத்து நாலைந்து பெரிய வட்டார ஆணையங்களாக்கப் போவதாக அறிவித்தது. ஊர் கொதித்தது. நம் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடத் தெரியாதவன் நகரத்தில் உட்கார்ந்து நமக்கு வெள்ளம் சொல்லப் போகிறானா என்று பேசாத வாயில்லை. ஹென்னி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். ஊர் ஹாலில் கூட்டம் போட்டார்கள். அதில் லைல் எழுந்து பேசினான்.

"வாசல்ல இருக்கற போர்டுல பேரு மாறும். அவ்வளவுதான். ஆறும் மாறாது, நானும் மாறமாட்டேன்," என்றான். ஹென்னி பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்குப் போன் வரும். இது என் வார்த்தை," என்றான்.

பொய் என்று சொல்ல முடியாது. நம்பித்தான் சொன்னான். ஆனால் அப்படி நம்புவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. பெரிய ஆணையத்தின் வெள்ளப் பிரிவில் நல்ல பதவி ஒன்று அவனுக்கு என்று அதற்கு முந்தின வாரமே பேசி முடித்திருந்தார்கள். அதை மட்டும் அவன் கூட்டத்தில் சொல்லவில்லை. ஹென்னி அத்தனை கையெழுத்துத் தாள்களையும் சுருட்டி, "லைல் சொன்னா சரி," என்று வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு பற்றவைத்தாள். ஊராட்சி எதிர்ப்பில்லாமல் ஒத்துக்கொண்டது.

அடுத்த மார்ச்சில் லைல் நகரத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தில், சுவரளவு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பெரிய ஆணையத்தின் விதி எளிமையானது: எச்சரிக்கை ஊராட்சிகளுக்கு மட்டும் போகும், தனி ஆட்களை யாரும் கூப்பிடக் கூடாது. "ஒரு வீட்டுக்குச் சொல்லி இன்னொரு வீட்டை விட்டுட்டோம்னா கோர்ட்டுல நிக்கணும் லைல்," என்று அவனுடைய மேலதிகாரி நடாலி ப்ரூசார் முதல் நாளே விளக்கியிருந்தாள். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. நியாயம் இல்லாததைச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வெள்ளம் வந்த அன்று சாயங்காலம், தண்ணீர் ஹென்னியின் மேய்ச்சல் வேலியைத் தாண்டாது என்று திரை சொன்னது. திரைக்கு மழை தெரியும், பனி தெரியும். அந்த முழங்கை வளைவில் சிக்கிக்கொள்ளும் ஐஸைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. லைலுக்குத் தெரியும். பாலத்தடியில் நீர்மட்டம் அளக்கும் கருவியின் கோடு திரையில் ஏறுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றது. மழை பெய்யும்போது ஆறு ஏறாமல் நிற்கிறதென்றால் மேலே எங்கோ அடைத்துக்கொண்டது, உடைத்துக்கொண்டு வந்து வளைவில் முட்டப்போகிறது என்று அர்த்தம். எச்சரிக்கையை ஊராட்சிக்கு அனுப்பினான். பிறகு சொந்த போனை எடுத்து ஹென்னியின் பெயரில் விரலை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து நடாலி தலைநகரத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு அவன் மேசைப் பக்கம் வந்தாள். "இவர்தான் லைல். சின்ன ஆணையத்துலேர்ந்து வந்தவர். புது முறைக்கு இவ்வளவு சீக்கிரம் பழகினவங்க இங்க யாருமே இல்ல," என்றாள்.

லைல் போனைக் கவிழ்த்து வைத்தான். சிரித்தான். கைகுலுக்கினான். அவர்கள் போன பிறகு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. டெல்மர் போய்ச் சொல்லியிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். டெல்மர் பிங்கிள் ஊராட்சித் தலைவர். எச்சரிக்கை அவருக்குத்தான் போகும். டெல்மரும் மெயிலைப் பார்த்தார். ஹென்னிக்குத்தான் லைல் சொல்லிவிடுவானே என்று ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்தபடியே நாற்காலியில் தூங்கிப்போனார். இருட்டின பிறகு அடைப்பு உடைத்துக்கொண்டு வந்தது. பட்டியில் இருந்த ஆடுகளில் பாதிக்கு மேல் போயின.

அந்தப் "பரவால்ல"வுக்கு அப்புறம் லைல் அன்று முழுக்க அங்கேயே இருந்தான். செத்த கால்நடையை ஏற்றிப்போகும் லாரி வந்தது. அவன் ஆடுகளின் காலில் கயிறு கட்டி இழுத்தான். ஈரக் கம்பளி என்ன கனம் கனக்கும் என்று இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். லாரிக்காரன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, "யாரும் முன்கூட்டிச் சொல்லலையா?" என்று கேட்டான்.

"சொன்னாங்களே," என்றாள் ஹென்னி. "இதோ, இவன்தான் கூப்பிட்டான். நான் எடுக்கல." சொல்லிவிட்டு லைலைப் பார்த்தாள்.

லைல் குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். அந்த முடிச்சு அவிழ்ந்துதான் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். லாரி போகட்டும் என்று நினைத்தான். லாரி போன பிறகு, அவள் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று நினைத்தான். அவள் சூப்பை முன்னால் வைத்துவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், இன்றைக்கு இது போதும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். கோழைக்கு எப்போதும் நாளை என்று ஒன்று கையிருப்பில் இருக்கும்.

நாளைக்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. தீவனக் கடையில், தேவாலயத்தில், சனிக்கிழமைச் சீட்டாட்ட மேசையில், எங்கும் ஹென்னி இதையே சொன்னாள். பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். போய், ஆறுதலோடு சேர்த்துக் கொஞ்சம் குத்தலும் கொடுத்துவிட்டு வந்தார்கள். வயசாகுது ஹென்னி, சட்டைப்பையில ஒரு போன் வெச்சுக்கக் கூடாதா, பாவம் அவன் எத்தனை தடவை அடிச்சானோ. டெல்மர் லைலுக்கே போன் போட்டார்.

"யோவ், உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்யா. நகரத்துக்குப் போனதும் நீயும் அவனுங்க மாதிரி ஆயிட்டன்னு பேசிக்கிட்டிருந்தோம். சட்டத்தை மீறிக் கூப்பிட்டிருக்க பாரு, அதான் நம்ம ஊர்க்காரன்!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டெல்மர்."

"இந்தத் தன்னடக்கம்தான் உன்கிட்டப் பிடிச்சது."

அந்த வாரமே நடாலி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "ஊர்ல ஒரு பேச்சு ஓடுது. நீங்க அந்தம்மாவைத் தனியா கூப்பிட்டீங்கன்னு. உண்மையா?"

"இல்ல," என்றான் லைல். ஒரு நொடி தயங்கவில்லை. "நான் யாரையும் கூப்பிடல."

"நல்லது," என்று அவள் மூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும். நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்ல."

அது பாராட்டு. லைல் அதை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் காறித் துப்பலாம் போல் இருந்தது. உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வராது என்றில்லை. எந்த இடத்தில் சொன்னால் வேலை தப்பிக்குமோ அந்த இடத்தில் கணீரென்று வருகிறது. ஊரில் கூப்பிட்டவன், அலுவலகத்தில் கூப்பிடாதவன், இரண்டு இடத்திலும் நல்ல பெயர். இப்படி ஒரு அதிர்ஷ்டம் எவனுக்கு வாய்க்கும்?

இரண்டு இடமும் ஒரே கூரைக்குக் கீழே வந்தது ஊர் ஹாலில் நடந்த கூட்டத்தில்தான். வெள்ளத்தில் என்ன நடந்தது என்று ஊருக்கு விளக்கப் பெரிய ஆணையம் ஏற்பாடு செய்தது. மடக்கு நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். பின்னால் மேசையில் காபியும், வீட்டில் செய்த பட்டர் டார்ட் என்ற இனிப்பும். மேடையில் நடாலி, டெல்மர், லைல். லைலுக்கு முன்னால் ஒரு மைக்.

நடாலி திரையில் படங்களைக் காட்டி முடித்ததும் டெல்மர் எழுந்தார்.

"கலர் கலரா கோடு போட்டுக் காமிச்சீங்கம்மா, நல்லாத்தான் இருக்கு. எங்க ஆறுதான் அந்தக் கோட்டைப் படிச்சுப் பாக்கல போல."

ஹால் சிரித்தது. நடாலியும் சிரித்தாள். "எச்சரிக்கை மெயில் உங்களுக்குச் சாயங்காலமே வந்திருக்கு சார்," என்றாள்.

"வந்துச்சு. இல்லைங்கல. நான் தூங்கிட்டேன், அதையும் இல்லைங்கல. ஏன் தூங்கினேன்? ஹென்னிக்கு லைல் சொல்லிருவான்னு தெரியும். காலங்காலமா அப்படித்தான். அவனும் சொல்லித்தான் இருக்கான். உங்க சட்டம் கூடாதுன்னுச்சு, மனுஷன் கூப்பிட்டிருக்கான். அவ எடுக்கலைன்னதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா பாவம், உங்க கண்ணுல படாமத் திருட்டுத்தனமாத்தானே அடிச்சிருப்பான்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. நடாலி கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். அவளுக்குத் தெரியும், அவன் கூப்பிடவில்லை என்று. ஒரே வரியில் அவனைக் கவிழ்த்துவிட்டுத் தன் ஆணையத்தின் விதியைக் காப்பாற்றியிருக்கலாம். அவள் செய்யவில்லை. "அதை லைல்தான் சொல்லணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

மைக் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் ஹால் முழுக்கக் கேட்டது. அதற்குள் மூன்றாவது வரிசையில் ஹென்னி எழுந்தாள். கூட்டத்துக்கென்று நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "அவன் கூப்பிட்டான். நான்தான் எடுக்கல. தப்பு என்மேல." அத்தோடு உட்காரவில்லை. "அப்படித்தானே லைல்?"

அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பின. இதைவிட நேராக ஒருவரைக் கேட்க முடியாது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. அவன் கீழே பார்த்தான். ஹாலின் தரையில் குழந்தைகள் பந்தாடுவதற்கு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு ஹென்னி," என்றான். "விடு. யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்."

யாரோ பின்னாலிருந்து "அதான் மனுஷன்!" என்றார்கள். மறுபடியும் கைதட்டல். ஹென்னி மெதுவாக உட்கார்ந்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. மேடையில் நடாலியும் தட்டவில்லை.

கூட்டம் முடிந்து ஜனங்கள் காபிப் பக்கம் நகர்ந்ததும் ஹென்னி வெளியே போவதை லைல் பார்த்தான். கோட்டைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினான். வண்டிகள் நிறுத்துமிடம் முழுக்கச் சேறும் உருகிய பனியும். அவள் தன் பழைய பிக்கப்பின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஹென்னி, நில்லு. நான் உன்னைக் கூப்பிடல. அன்னைக்கு நான் போனே பண்ணல."

"தெரியும்," என்றாள்.

கதவை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் பட்டியில இல்ல லைல். சமையக்கட்டுலதான் உக்காந்திருந்தேன், போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. பூட்ஸைக்கூடக் கழட்டல. ஆத்துச் சத்தம் எனக்கே சரியாப் படல. ஆனா லைல் இன்னும் கூப்பிடலையே, அப்ப இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். தண்ணி வாசப்படியைத் தொட்ட பெறகுதான் எழுந்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட சாரின்னு..."

"காலையில நீ வண்டியவிட்டு எறங்கின மூஞ்சியைப் பாத்தேன். சொல்லத்தான் வந்திருக்கான், வாய் வரலைன்னு தெரிஞ்சுச்சு. சரி, நாம ஒரு சாரியைப் போட்டு வெப்போம், 'இல்ல ஹென்னி, நான்தான்'னு அவன் ஆரம்பிக்கச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன். நீ என்ன சொன்ன?"

அவன் ஹால் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு. என்ன சொன்ன?"

"பரவால்லன்னேன்."

"ரொம்பப் பெரிய மனசு," என்றாள் ஹென்னி. அவள் குரல் நடுங்கியது. அழுகை இல்லை, கோபம். "அப்புறம் எனக்கும் வீம்பு வந்துடுச்சு. எத்தனை பேர்கிட்ட, எத்தனை இடத்துல சொன்னேன், தப்பு என்னுதுன்னு! அந்த லாரிக்காரன்கிட்ட உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே சொன்னேன். ஒரு தடவையாவது உனக்கு ரோஷம் வருமான்னு பாத்தேன். இன்னைக்கு ஊரைக் கூட்டி வெச்சு, பேர் சொல்லிக் கேட்டேன். எனக்கு மன்னிப்புக் குடுத்து உக்கார வெச்சுட்டியே!"

லைலுக்குக் காது மடல் எரிந்தது. உடம்பு முழுக்கக் கூசியது. இந்தப் பூமி பிளந்து உள்ளே போனால் நன்றாக இருக்கும் என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை, உண்மையிலேயே ஒருவனுக்கு அப்படித் தோன்றும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்பப் போய்ச் சொல்லிடறேன்," என்றான். "உள்ள ஆளுங்க இன்னும் இருக்காங்க."

"போ. என்னைத் தேடி வந்து இந்த இருட்டுல சொல்றியே, அங்க விளக்கு எரியுது, அங்க போய்ச் சொல்லு." அவள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். சக்கரத்துச் சேறு அவன் கால்சட்டையில் தெறித்தது. துடைக்கவும் தோன்றாமல் உள்ளே போனான்.

உள்ளே பாதிப் பேர் போயிருந்தார்கள். டெல்மர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நடாலி மைக்கின் வயரைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டெல்மர்," என்றான் லைல். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான். "நான் அன்னைக்கு ஹென்னிக்குப் போன் பண்ணல."

டெல்மர் நாற்காலியைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார், நடாலியைப் பார்த்தார், மறுபடியும் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "தெரியும்பா. யாருமே யாருக்கும் போன் பண்ணல. எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"விளையாடல டெல்மர். நெசமாவே பண்ணல. அவ போன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா. அடிக்கவே இல்ல. அவளையே கேளுங்க."

"அவளை என்னத்தக் கேக்கறது? ஊர் ஊரா அவதான் சொல்லிட்டுத் திரியறா, எடுக்கலன்னு." டெல்மர் நாற்காலியை வைத்துவிட்டு வந்து அவன் தோளில் கை போட்டார். "புரியுதுப்பா. அந்தப் பொம்பளை ஆடும் போயி, பழியும் சுமக்கறாளேன்னு உனக்கு மனசு கேக்கல. அதுக்காக நீ எடுத்து உன் தலையில போட்டுக்கணுமா?"

நடாலி வயரைக் கீழே வைத்தாள். "அவர் சொல்றது உண்மைதான் சார்," என்றாள். "ஆபீஸ்ல நான் கேட்டப்பவும் இதையேதான் சொன்னார்."

டெல்மர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்ககிட்ட வேற என்னம்மா சொல்லுவான்? வேலை போயிடாது?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். நடாலி லைலைப் பார்த்தாள். இனிமேல் இதில் தான் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் குனிந்து மீதி வயரைச் சுருட்டத் தொடங்கினாள். லைல் "இல்ல, கேளுங்க," என்று மறுபடி ஆரம்பித்தான். டெல்மர் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வரிசை நாற்காலிகளுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மிஞ்சியிருந்த பட்டர் டார்ட்டுகளை ஒரு தாளில் பொதிந்து அவன் கையில் வைத்தாள். "நகரத்துல இதெல்லாம் யார் உனக்குச் செஞ்சு தரப்போறா? எடுத்துட்டுப் போ," என்றாள். "உன்னை மாதிரி ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான்னுதான் நாங்க நிம்மதியா இருக்கோம்."

பொட்டலம் கையில் பிசுபிசுத்தது. லைல் அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். நன்றி என்றுதான் வந்தது.